கொக்கு என்ன ஆனது?

எங்கள் உத்திரமேரூர் டூரிங் கொட்டகைக்கு அந்த மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது, காய்ச்சலோடு போனேன். முதல் பாகத்தில் மந்திரவாதி ஒரு தாயைக் கொக்காக மாற்றிவிடுவான். அவள் குழந்தை அழுவதோடு படம் முடிந்துவிட்டது. அவள் மறுபடி மனுஷியாவதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று ஒரு வருஷமாகப் பிடிவாதமாக இருந்தேன்.

இரண்டாம் பாகத்தில் பறக்கும் கப்பல் வந்தது, நெருப்பு கக்கும் பாம்பு வந்தது. கொக்கு மட்டும் வரவே இல்லை. படம் முடிந்தும் நான் மணலை விட்டு எழவில்லை.

"இன்னாமா, எழுந்திரு" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"கொக்கு இன்னா ஆச்சி?"

"அவ்ளோ பெரிய பாம்பு காட்டுனாங்களே, போதாதா?"

"பாம்பு நல்லாத்தான் கீது. நான் கொக்குக்காக வந்தேன்."

அவர் பெஞ்சுகளை அடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் நடவு வயலில், முதல் பாகத்தை என்னோடு பார்த்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தக் கொக்கு இன்னாடி ஆச்சி?"

"மனுஷி ஆயிட்டா. புள்ளைய வாரி எடுத்துக்கினா" என்றேன், கூசாமல்.

ஒருத்தி நாற்றுமுடியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. அன்று ஒருத்திகூடப் பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை.