வாரியம் மாறியபோது கதவோர நாற்காலியில் இருந்தவன்

பள்ளிக் கிராணி என்கிற எழுத்தர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், எந்தப் புகைப்படத்திலும் இருக்கமாட்டார். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஆசீர்வாதம் ஐயா, தன் பிரியாவிடை நாளில் இதைப் பற்றி ஏதோ சொன்னார். "கதவுகிட்ட உட்கார்றவன்தான் எல்லாருக்கும் முன்னாடி..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மைக் கீச்சிட்டது. முன்னாடி எந்திரிக்கணும் என்றாரா, முன்னாடி தெரிஞ்சிக்கணும் என்றாரா, எனக்கு நிச்சயமில்லை.

எங்கள் தமிழ்ப்பள்ளி செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளி. நான் படித்ததும் இங்கேதான். பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி, அதற்குப் பிறகு சிங்கப்பூரில் நெடுங்காலம் கிடங்கு வேலை. விடியுமுன் பாலம் கடந்து, இருட்டியபின் திரும்பி, மகளைத் தூங்கும் முகமாக மட்டுமே பார்த்து அலுத்துப்போய்த்தான் ஊருக்கே வந்து இதில் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில் தோட்டம் கைமாறியது. அதோடு பள்ளி வாரியமும் மாறியது. அந்த மாற்றம் என் நாற்காலிவரை வரும் என்று நான் நினைக்கவில்லை. எங்கோ ஒரு கதவோரம் உட்கார்ந்து அடுத்தவர் பேசுவதை எழுதிக்கொண்டிருக்கும் சக கிராணிகளே, உங்களுக்கு இதில் எதுவும் புதிதாக இராது.

எல்லாரும் உதவித் தலைவர்

பழைய வாரியத்துக்குத் தலைவர் தேடும் வேலையே இருந்ததில்லை. தோட்டத்து மேனேஜர் யாரோ அவர்தான் தலைவர். இப்போது தோட்டத்தில் பாதி டேட்டா சென்டர், மீதியில் வீடுகள் எழும்புகின்றன. மேனேஜர் பங்களாவில் பூட்டுத் தொங்குகிறது. இனிமேல் பெற்றோர், முன்னாள் மாணவர், வட்டாரப் பிரமுகர் என்று மூன்று தரப்பிலும் ஆள் எடுத்து, தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஆள் சேர்க்கும் பொறுப்பு வழக்கம்போல் கதவோரத்துக்கு வந்து சேர்ந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது, தலைவர் கிடைக்கவில்லை. உதவித் தலைவராக வர மட்டும் அத்தனை பேரும் தயார். குலாயில் டயர் கடை வைத்திருக்கும் முருகையா அண்ணனிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். காப்பியை ஆற்றியபடியே சொன்னார்: "தலைவர்னா பேசணும் கிராணி. உதவின்னா மாலைய வாங்கிக்கிட்டு உட்கார்ந்துடலாம்."

நின்றபடி ஒரு கூட்டம்

கடைசியில் தலைவராக ஒப்புக்கொண்டவர் காதர் பாய். பெரிய சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், எங்கள் பள்ளியில் படித்தவர், ஆயுளில் பாதியைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றே கழித்தவர். முதல் கூட்டத்தில் வணக்கமும் சலாமும் சொல்லிவிட்டு நின்றபடியே பேச ஆரம்பித்தார். தலைவர் நிற்கும்போது எப்படி உட்காருவது என்று முதலில் தலைமையாசிரியர் எழுந்தார். அடுத்து முருகையா அண்ணன். ஒவ்வொருவராக எழுந்து மொத்த வாரியமும் மேசையைச் சுற்றி நின்றது. பார்ப்பதற்குக் கேக் வெட்டக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. எழுத வேண்டியவன் என்பதால் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன்.

பாய் இவர்களை உட்காரச் சொல்ல, இவர்கள் பாயை உட்காரச் சொல்ல, கொஞ்ச நேரம் அதிலேயே போனது. உட்கார்ந்தால் தனக்கு வார்த்தை வராது என்றார் பாய். நான் போய் அறிவியல் அறையிலிருந்த உயரமான ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தேன். அதில் பாதி சாய்ந்தும் பாதி நின்றும் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இப்ப சரி. யாராவது காசு குடுக்காம வெளிய போனா எனக்குத் தெரிஞ்சிடும்."

போலே, போலே

மேரி அக்கா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். பேரனோடு பழைய லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கிறார். வாரியக் கூட்டத்துக்குத் தேநீர் அவர் பொறுப்பு. துரையை மலாயில் துவான் என்போம்; மேனேஜர் துவான் தலைவராக இருந்த காலத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒரு விஷயம் முடிந்தால் துவான் "போலே" என்பார், ஆகட்டும் என்பதற்கு. "போலே, போலே" என்று இரண்டு தடவை சொன்னால் கூட்டமே முடிந்தது. கதவுக்கு வெளியே நிற்கும் மேரி அக்கா அதைக் கேட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். யாரும் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

காதர் பாயோ எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். கருத்துச் சொல்லிப் பழகாதவர்களுக்கு, ஆரம்பித்தபின் நிறுத்தத் தெரியவில்லை. கழிப்பறைக் குழாயிலிருந்து கொடிக்கம்பம் வரை பேசினார்கள். மதியம் தாண்டியும் தேநீரைக் காணோம். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். ஆடை படிந்த தேநீரும் ஆறிப்போன கறிபாப்புமாக அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவேண்டியதுதானே என்றேன். "யாருமே போலே சொல்லலையே கிராணி. சொல்லாம எப்படி வர்றது?"

லயத்து வேன்

அதற்கடுத்த கூட்டத்தில் வேன் பேச்சு வந்தது. லயத்தில் மிஞ்சியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளை ஏற்றிவரத் தோட்டம் ஒரு வேன் விட்டிருந்தது. தோட்டம் போனதால் வேனும் நிற்கப்போகிறது. வாரியம் அதை எடுத்து நடத்துவதா, விட்டுவிடுவதா? பெற்றோர் தரப்பில் வந்தவர்கள் எல்லாரும் புதிய வீடமைப்பில் இருப்பவர்கள், பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விடுபவர்கள். கெட்டவர்கள் இல்லை, லயத்துப் பக்கம் போனதில்லை, அவ்வளவுதான். கொஞ்ச தூரம்தானே, நடந்து வரலாமே என்றார் ஒருவர். அங்கிருந்து நடந்தே வந்து படித்தவன் நான் என்று தெரிந்த முருகையா அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருமே பார்த்தார்கள்.

வாயைத் திறந்தேன். கூட்டத்தில் கிராணி கருத்துச் சொல்லக்கூடாது என்ற விதியைத் தலைமையாசிரியர் மெதுவாக நினைவுபடுத்தினார். அவர்மேல் குற்றமில்லை. புதிய விதிகளைத் தட்டச்சு செய்ததே நான்தான். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. எல்லாரும் போனபின் கோப்பைகளை எடுக்க வந்த மேரி அக்கா, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அது இப்ப மண் லாரி போற ரோடு கிராணி. பேரன அதுல நடக்க விட்டுட்டு நான் இங்க நின்னு எப்படித் தேத்தண்ணி கலக்கறது?"

காலியான இடம்

முன்னாள் மாணவர் தரப்பில் வந்திருந்த ஒருவர், மூவாரில் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். அந்த இடத்துக்கு முன்னாள் மாணவர்கள் வாட்சாப் குழுவிலேயே என் பெயரைப் போட்டு, கட்டைவிரல் படங்களாலேயே தேர்ந்தெடுத்தும் முடித்துவிட்டார்கள். காலையில் கைப்பேசியைத் திறந்தால் வாழ்த்துகள் குவிந்திருந்தன. மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போன் போட்டு விசாரித்தேன். வாரியத்தில் சம்பளம் வாங்குபவர் வாரியத்திலேயே உறுப்பினராக இருக்க முடியாது, கிராணியா உறுப்பினரா என்று அடுத்த கூட்டத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றார் அந்த மலாய் அம்மா, மிகப் பண்பாக.

உறுப்பினர் ஆனால் பேசலாம், வேலை போய்விடும். இந்த வயதில் வேறு வேலை என்றால் எனக்குத் தெரிந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். மறுபடியும் தூங்கும் மகள். கிராணியாகவே இருந்தால் காலையில் அவளோடு சேர்ந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம். வேன் நின்றுபோவதைத் தமிழிலும் மலாயிலும் பிழையில்லாமல் எழுதி வைக்கலாம்.

என் மனைவி ஸ்டெல்லா தெப்ராவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள். துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நான் மறுபடி பாலம் கடக்கப் போனால் அவள் பாடும் திண்டாட்டம்தான். அது அவளுக்கும் தெரியும். கடைசிச் சட்டையை மடித்து வைத்தபின் சொன்னாள்: "சிங்கப்பூர்ல இத்தன வருசத்துல யாரும் ஒரு வார்த்த கேட்டதில்லன்னு பொலம்புவீங்க. இப்ப கேக்கறாங்கல்ல, இன்னும் எழுதிக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

ஆசீர்வாதம் ஐயாவின் மீதி வாக்கியம்

கூட்டத்துக்கு முதல் நாள் ஆசீர்வாதம் ஐயாவுக்குப் போன் போட்டேன். உடம்பு, கோவில் திருவிழா, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாம் பேசியபின், அன்றைக்குக் கதவு பக்கம் உட்காருபவனைப் பற்றி என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார். நான் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன். "அன்னிக்கு மைக் சரியில்லன்னு மட்டும்தான்பா ஞாபகம் இருக்கு."

கிராணி வேலை என்பது அடுத்தவர் முடிவுகளைப் பிழையில்லாமல் எழுதுவதுதான், எப்போதாவது நடுவில் சொந்த முடிவு ஒன்றும் வந்து மாட்டிக்கொள்கிறது. மறுநாள் காலையில் வேலை விலகல் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு, மேசையில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, வேனைப் பற்றி எல்லாருக்கும் முன்னாடி பேசினேன்.