துடுப்பு வெட்டிய மீன்

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவன் நான். நம் ஈமெயில் லிஸ்ட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கேட்ச் பண்ணி ரிலீஸ் பண்ணிடுவோம்டா, கொல்லவே மாட்டோம்" என்று ஆபீஸ் நண்பன் செந்தில் சத்தியம் செய்ததால்தான் இன்று ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கப் போனேன். இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரின் குளிரில் கால் மரத்துப்போனது.

பத்து மணிக்கு என் இறகுத் தூண்டிலை ஒன்று கவ்வியது. இருபது நிமிடம் மல்லுக்கட்டிக் கரையில் போட்டேன். செந்தில் அதன் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"அடையாளத்துக்குச் சின்னத் துடுப்பை வெட்டியிருக்காங்க. பண்ணையில வளர்த்து விட்டது. இதை கீப் பண்ணலாம், லீகல்!" என்று பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து நீட்டினான். "தலையில ஒரே அடி. துடிக்க விடாதே."

முதல் அடி வழுக்கியது. மீன் துள்ளி என் முகத்தில் அறைந்தது.

அவ்வளவுதான். இரண்டு, மூன்று, ஏழு... அதன் கண் பிதுங்கியது. என் மூக்குக்கண்ணாடியில் ரத்தம் தெறித்தது.

செந்தில் என் மணிக்கட்டைப் பிடித்தான். "டேய், அது எப்பவோ செத்துடுச்சு!"

ஃப்ரீவேயில் வீடு திரும்பும்போது நான்தான் கேட்டேன்: "அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குடா?"

"எனக்கு வேலை இருக்கு" என்றான்.

ஆகவே காரில் ஒரு இடம் காலி. வருபவர்கள் பதில் போடுங்கள். கட்டை மட்டும் என்னிடம்தான் இருக்கும்.