முதல் வரியைப் படித்து நம்பர் போட்டவன்

நான் வேகமானவன் என்பதால் ஃபரிதாவுக்கு வேலை போனது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது எளிது.

சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ். பிரிட்டனில் எடுக்கும் சர்வேக்களில் மக்கள் சொந்த வார்த்தையில் எழுதும் பதில்கள் எங்களுக்கு வரும். ஒவ்வொன்றையும் படித்து ஒரு நம்பர் போட வேண்டும். அந்த மாதக் கேள்வி: அமெரிக்காவோடு இவ்வளவு நெருக்கமாக இருப்பது பிரிட்டனுக்கு நல்லதா? நல்லது என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு, தெரியாது என்றால் மூன்று. எதிலும் அடங்காததற்கு ஒன்பது. ஒன்பது அதிகமானால் கிளையண்டிடமிருந்து மெயில் வரும். அதனால் எங்கள் டீம் லீட் செல்வம் அண்ணனுக்கு ஒன்பது என்றாலே ஆகாது.

எனக்கு அந்தக் கேள்வி கிடைத்ததில் ஒரே குஷி. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே உலக அரசியல் வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். நீர்மூழ்கி, உளவுத் தகவல், வர்த்தகம் என்று யார் கேட்டாலும் பேசுவேன். பதிலின் முதல் வரியைப் பார்த்ததுமே விரல் தட்டிவிடும். பக்கத்து சீட்டு ஃபரிதா, கோவளத்துப் பெண், ஒவ்வொன்றையும் கடைசி வரை படிப்பாள். அவளுக்கு அப்போது புரொபேஷன்.

"இன்னா ஃபரிதா, பரீட்சைக்கா படிக்கிற?" என்பேன்.

"நீ இன்னா, பஸ்ஸு புடிக்கவா ஓடிக்கினு கீற?" என்பாள்.

செக்கிங்குக்காக ஒரே பைலை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். இருவர் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். எங்களுடையது பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. செல்வம் அண்ணன் ஒரு பதிலைத் திரையில் காட்டினார். நான் ஒன்று போட்டிருந்தேன், அவள் ஒன்பது.

"பேஜாரு பண்ணாத ஃபரிதா. மொத வரிலயே 'சேந்து நின்னா பாதுகாப்பு'ன்னு எழுதிக்கீறான்."

"கீழ பட்சிப் பாருங்க சார். அந்தாளு வேற இன்னாவோ சொல்றாரு."

அவர் என் பக்கம் திரும்பினார். "டேய் தினேஷு, நீ ஃபுல்லா பாத்தியா?"

பார்க்கவில்லை. "பாத்தேண்ணா, ஒன்னுதான்" என்றேன். அதோடு நிற்காமல், நாடுகள் ஏன் கூட்டு சேர்கின்றன என்று அவளுக்கு ஐந்து நிமிடம் வகுப்பும் எடுத்தேன்.

என் பைலைச் சரி என்று வைத்துக்கொண்டு, நம்பர் மாறிய இடமெல்லாம் அவளுடைய தவறு என்று கணக்கிட்டார்கள். மாதக் கடைசியில் அவளை கன்ஃபர்ம் செய்யவில்லை. நான் சீனியர் ஆனேன்.

புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அதே பைலைத் திறந்தபோதுதான் அந்தப் பதிலை முழுதாகப் படித்தேன். சேர்ந்து நின்றால் பாதுகாப்பு. மகன் பட்டாளத்தில் சேர்ந்த அன்று எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். அமெரிக்கா கூப்பிட்ட போருக்கு நாம் போனோம். மகன் ஒரு காலோடு திரும்பினான். கூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதில் நம் நாட்டுக்கு என்ன இருக்கிறது என்று போகும் முன் யாராவது கேட்டிருக்கலாம். அதைக் கேட்காதவர்கள் இப்போது என்னிடம் வந்து நல்லதா என்று கேட்கிறீர்கள்.

ஒன்பதுதான்.

செல்வம் அண்ணனிடம் ஓடினேன். "ரிப்போர்ட்டே போயாச்சுடா. அந்தப் பொண்ணு சீட்டுக்கு ஆளும் வந்தாச்சு. இப்ப வந்து பேசிக்கினு கீற" என்றார்.

ஃபரிதாவுக்கு போன் செய்தேன். கோவளத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருந்தாள். அன்று அந்தப் பதிலைப் படிக்காமலே படித்ததாகச் சொன்னேன் என்றேன்.

"அது அன்னிக்கே தெரியும். பட்சிருந்தா நீ அவ்ளோ நேரம் பேசிருக்க மாட்ட" என்றாள். பிறகு, "சரி, கால் போன பையனோட அப்பாவுக்கு இப்ப இன்னா நம்பரு?"

"ஒன்னுதான். மாத்த முடியல."

"கஸ்டமர் நிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: படிக்காவிட்டால், படிக்கவில்லை என்று கேட்ட இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கூட்டு பிரிட்டனுக்கு நல்லதா என்று இப்போது நான் யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை. அவர்கள் ரிப்போர்ட்டில் நல்லது என்றவர்களின் கணக்கில் இருக்கும் ஒருவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.