பெரியப்பாவின் வலது தோள்

மொன்றியலின் ரொக்ஸ்பரோ பூங்காவில், தோல் கையுறைக்குள் பந்து விழும் ஓசை இன்று என்னை நிறுத்தியது. நினைவில் பெரியப்பாவின் தொலைக்காட்சி முன் மீண்டும் அமர வைத்தது.

யாழ்ப்பாணத்தில் வேகப்பந்து வீசியவர் பெரியப்பா. இங்கே உணவகமொன்றில் பாத்திரம் தேய்த்தே அவரது வலது தோள் பழுதானது. இந்நகரில் ஆடிப் புகழ்பெற்று அமெரிக்கா சென்றுவிட்ட ஒரு பேஸ்போல் வீரனின் ஆட்டங்களை விடாமல் பார்ப்பார், பார்த்தபடியே ஏசுவார்.

"கையை மடக்கி எறியிறான்! எங்கட ஊரில எண்டால் நோ-போல்!"

"இது கிரிக்கெட் இல்லை, பெரியப்பா. இதில எறியலாம்."

"சட்டம் பேச வந்திட்டார் அப்புக்காத்து! பேசாமல் இரும்."

அவனது கடைசி ஆட்டம் எனக்கு நினைவிருக்கிறது. பாதியில் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன், தலைகுனிந்தபடியே வெளியேறினான். பெரியப்பா ஏசவில்லை. இடது கையால் தன் வலது தோளைப் பொத்தியவாறு எழுந்து நின்றார்.

"பாவம். இனி உவனுக்குக் கை எழும்பாது, தம்பி," என்றார், தொலைக்காட்சியை நிறுத்தினார்.

பெரியப்பா சென்ற மாரியில் காலமானார். பூங்காவில் பிள்ளைகள் அந்த வீரனைப் போலவே முழங்காலை உயர்த்திப் பந்தெறிகிறார்கள். பெரியப்பாவைப் போல வீசிக்காட்ட இங்கு எவருமில்லை. அவர் வீசியதை நானும் ஒருநாளேனும் கண்டதில்லை.