மங்காத பட்டன்

ஏழுமலையின் தோளை உடைத்தது நான் எழுதிய பட்டன். நூர்ஜஹான் அக்கா அல்ல.

சொல்லிவிட்டேன்... மூன்று வருடம் தொண்டையிலேயே கிடந்தது. உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. ஆனாலும் கேளுங்கள்.

தண்டையார்பேட்டையில் ஒரு சரக்குக் கிடங்கு. லாரிகள் வெளியேறும் வாசலில் ஏறி இறங்கும் இரும்புத் தடுப்பு. அதை இறக்கக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பட்டன். கேபினில் இருந்து அதை அழுத்துபவர் நூர்ஜஹான் அக்கா. வரிசையில் நிற்கும் லாரிகள் மறைப்பதால் தடுப்பின் அடி அவருக்குத் தெரியாது.

எம்விவிஎம் என்று எங்கள் மென்பொருள் தொழிலில் ஒரு முறை உண்டு. திரை வேறு, முடிவெடுக்கும் பகுதி வேறு. பட்டன் தானாக எதையும் செய்யாது. பின்னாலிருக்கும் கட்டளையைக் கேட்கும். அடியில் ஆளோ வண்டியோ இருப்பதாகச் சென்சார் சொன்னால் கட்டளை மறுக்கும், பட்டன் மங்கிவிடும். அப்படித்தான் எழுதியிருந்தேன். பட்டன் பளிச்சென்று இருந்தால் தைரியமாக அழுத்தலாம் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நானே!

ஆனால் லாரி போன பிறகும் சில சமயம் பட்டன் மங்கியே கிடந்தது. ஒரு லாரி போய்த் தடுப்பு இறங்கினால்தான் அடுத்ததற்கு அனுமதி; வண்டிகள் டோல்கேட் வரை தேங்கின. மேனேஜர் கத்தினார். காரணத்தைத் தேட எனக்குப் பொறுமையில்லை... அலுப்பு. கட்டளையைப் பிடுங்கி எறிந்தேன். கிளிக் செய்தால் தடுப்பு இறங்கட்டும் என்று திரையிலேயே நேராக எழுதிவிட்டேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றுதான்! யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதன்பின் பட்டன் மங்கவே இல்லை. அந்த வாரமே, லாரியின் பின்னால் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த கிளீனர் ஏழுமலையின் மேல் தடுப்பு இறங்கியது. அவன் வலது கை இன்றும் தோளுக்கு மேலே எழும்பாது.

விசாரணையில், பார்க்காமல் அழுத்திவிட்டாள் என்றார்கள். நானும் அங்கேதான் நின்றேன். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா? அன்றே கட்டளையைத் திரும்பப் பொருத்தி, பழைய கோளாறையும் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். அரை மணி நேர வேலை... அவ்வளவுதான்! அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

போன மாதம் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் அவரைப் பார்த்தேன். புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயெடுக்கும் முன் அவரே பேசினார்.

"பட்டன் பளிச்சுன்னுதான் இருந்திச்சி தம்பி... என் கண்ணுதான் கோளாறு போல. வாராவாரம் அந்தப் புள்ள வூட்டாண்ட போய் மன்னிப்புக் கேட்டுகினு கீறேன். நீயும் ஒரு தபா கூட வாயேன். உன்னப் பாத்தா சந்தோசப்படுவான்."

வருகிறேன் அக்கா என்றேன்.

இன்னும் போகவில்லை...