ஏற்றத்தில் நிரப்பிய குப்பிகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் கால்வாய் ஓரமாக இருந்த ஒரு சின்ன லாட்ஜில் நான் மேனேஜராக இருந்தேன். எங்கள் பின்சுவருக்குச் சற்றுத் தள்ளி, கால்வாய் காயலில் சேரும் இடத்தில், ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் தண்ணீருக்குள் மூங்கில் பந்தல் நட்டார்கள். ஒருகாலத்தில் அங்கே பாறைபோல் மண்டிக் கிடந்த சிப்பி, சேறு மூடி அழிந்துவிட்டிருந்தது. பழைய சிப்பி ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளும், வளர்ந்தால் தண்ணீரையும் வடிகட்டும் என்றார்கள்.

பந்தலைப் பார்த்துக்கொள்ள எதிர்க்கரையில் குடியிருந்த ஒரு அக்காவை அமர்த்தினார்கள். ராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்து, இங்கே ஒரு மீன்பிடிக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். பல வருஷம் இறால் உரித்து விரல்நுனியெல்லாம் வெந்துபோயிருந்தது. விளைகிற சிப்பியில் பாதி அவருக்கு என்று பேச்சு.

நான் பகல் முழுக்க அங்கேயே இருப்பவன் என்பதால் எனக்கும் ஒரு வேலை தந்தார்கள். வாரம் ஒருமுறை பந்தலருகே ஒரு குப்பி தண்ணீர் பிடித்து, எடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றத்தில் கடல்நீர் புகுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும், நீர் வடியும் இறக்கத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கல்லூரி ஆசிரியை இரண்டு முறை சொன்னார்.

மழைக்காலம் முடிந்ததும் லாட்ஜில் கூட்டம். கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தது. முதலாளி பிளம்பரை அழைத்துப் பின்சுவர் வழியாக ஒரு குழாயைக் கால்வாயில் இறக்கினார்.

“சீசன் முடியட்டும், மாத்திடலாம். நீ எங்கயும் வாயத் திறக்காத,” என்றார்.

அந்த வாரம் காலையில் குப்பியோடு போனபோது இறக்கம். குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் பந்தலை நோக்கி நகர்வதைப் பார்த்தேன். திரும்பி வந்து சாப்பிட்டேன். ஏற்றம் வந்த பிறகு போய் நிரப்பினேன். தாளில் மட்டும் காலை நேரத்தை எழுதினேன். மூன்றாவது வாரம் இறக்கத்தைப் பார்க்கக்கூடப் போகவில்லை, நேராக ஏற்றத்திலேயே நிரப்பினேன்.

சிப்பிகள் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தன. அக்கா ஒன்றைக் கத்தியால் நெம்பித் திறந்து காட்டினார்.

“கொழுத்திருக்கு பாருங்க, சாரே. இடப்பள்ளியில ஒரு ஹோட்டல்காரர் கேட்டிருக்கார். இனி இறால் உரிக்கப் போக வேண்டாம்னு எங்க வீட்டுச் சேட்டன் சொல்லியாச்சு.”

சாப்பிட்டுவிடாதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

விற்பதற்கு முன் சில சிப்பிகளைக் கல்லூரிக்காரர்கள் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வருவதற்குள் அக்கா வீட்டுக்கென்று ஒரு சட்டி லேசாக வறுத்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் வயிற்றுப்போக்கில் துவண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சிப்பிச் சதையில் மலக்கிருமி என்று அறிக்கை வந்தது.

ஆசிரியை என் தாள்களை மேசையில் விரித்துவைத்தார். “தண்ணி ஒரு வாரம்கூட மோசமா இல்லையே, அப்புறம் எப்படி?” என்று என்னிடம்தான் கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

காரணம் புரியாத இடத்தில் தொடர முடியாது என்று பந்தலைப் பிரித்தார்கள். சிப்பி ஒட்டிய கயிறுகளைப் படகில் ஏற்றும்போது அக்கா, இன்னும் உடம்பு தேறாமலேயே வந்து, வெயில் படாமல் அவற்றின் மேல் ஈரச்சாக்கு போர்த்தினார்.

லாட்ஜ் வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து வந்து விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்தக் குழாய நானும் பாத்தேன், சாரே,” என்றார். “நாத்தமும் வந்துச்சு. குப்பித் தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. என் மூக்க விட உங்க குப்பிய நம்பினேன்.”

திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவர் சாயா போட உள்ளே போனார்.

மறுநாள் ஆசிரியைக்கும் எழுதினேன். புகார் போய்க் குழாயை அடைத்தார்கள். ஆனால் கல்லூரி ஆட்கள் அதற்குள் அனுமதி வாங்கி வேறு காயலுக்குப் போய்விட்டிருந்தார்கள். அக்கா இன்றும் விடியும்போதே கொட்டகைக்கு நடக்கிறார். எதிரே பட்டால் நின்று என் பிள்ளைகளை விசாரிப்பார். சிப்பியைப் பற்றி மட்டும் அவர் பேசியதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.