பூ ஆய்ந்த பைலட்

லூயிஸ் மலைக்கதையை ஆரம்பித்தால் அவர் மனைவி ஆனந்தமேரி மிக்சியைப் போட்டுவிடுவாள். அவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பியதிலிருந்து அவள் அரைத்த சட்னியில் பாதி அந்தக் கதையை அடக்குவதற்கு அரைத்ததுதான்.

புதுச்சேரி சாரத்து மில் தொழிலாளி மகன். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பத்தொன்பது வயதில் பிரான்ஸ் பட்டாளம். மெக்கானிக்காகச் சேர்ந்து ஹெலிகாப்டர் பைலட் ஆனார். பிறகு பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சாலையே இல்லாத மலைக்கிராமங்களுக்கு அரிசியும் கேஸ் சிலிண்டரும் கொண்டுபோனார். பிரசவ வலி கண்டவர்களைக் கீழே கொண்டுவந்தார். சில முகடுகளில் முதலில் இறங்கியவரே அவர்தானாம். அந்த முகடுகளைச் சாரத்தில் யார் பார்த்தார்கள்? மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்ட ஆனந்தமேரியும் பாதிதான் நம்பினாள்.

போன வருஷம் மாதா தேர்மேல் ஹெலிகாப்டரில் பூ தூவ விழாக் கமிட்டி முடிவு செய்தது. லூயிஸ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். கீழே நின்று வழிகாட்ட வேண்டும், ஒருநாளாவது ஊர் தன்னைப் பைலட்டாகப் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை.

"தேருக்கு நேரா தாழ நிக்கக் கூடாது ரிச்சர்டு. பூ விழாது, பந்தல்தான் விழும்."

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி வைத்திருக்கும் கமிட்டித் தலைவர் ரிச்சர்ட் சிரித்தார். "அங்கிள், நீங்க ஓட்டுனது அந்தக் காலத்து வண்டி. இது புது மாடல், காத்தே அடிக்காது. நீங்க பொம்பளைங்களோட உக்காந்து பூ ஆயுங்க."

பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்த சாமந்தி மூட்டைகளை அவர் ஆய்ந்தார். ஆனந்தமேரிக்கு அவருடைய வாடிய முகத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

காற்று அடிக்காத ஹெலிகாப்டர் தேருக்கு நேர்மேலே வந்து நின்றது. முதலில் பறந்தது ரிச்சர்டின் பேனர். பிறகு பந்தல் துணி. பூவெல்லாம் பக்கத்துச் சாக்கடைக்குப் போனது. மாதாவுக்கு ஒரு இதழ்கூட இல்லை. லூயிஸ் மைதானத்துக்கு ஓடி, முதுகில் காற்று படும்படி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஹெலிகாப்டர் மேலெழுந்து, சுற்றி, எதிர்க்காற்றில் உயரமாக வந்தது. மிச்ச மூட்டை தேர்மேல் மழையாகக் கொட்டியது.

"மாதாவின் புதுமை, அற்புதம்!" என்று ரிச்சர்ட் மைக்கில் அழுதார்.

சாயங்காலம் ஹெலிகாப்டர் பைலட் ரிச்சர்டுக்குப் போன் செய்தான். "கீழ சிக்னல் குடுத்தது யாரு சார்? கை தேர்ந்த ஆளு."

ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "அவரா? பூ ஆயுற ஆளு" என்றார் ரிச்சர்ட்.

கூட்டத்தில் வாயே திறக்காத ஆனந்தமேரி போனருகே குனிந்தாள். "எங்க வூட்டுக்காரர் தம்பி. இருபத்தெட்டு வருஷம் மலையில ஓட்டுனவரு."

அன்றிரவு அவள் மிக்சியைத் தொடவில்லை. கதை மூன்று மணி நேரம் போனது. மறுநாள் காலையில் தேங்காயைத் துருவி வைத்துக்கொண்டு, மிக்சியைப் போடாமல், அவர் எழுந்திருக்கக் காத்திருந்தாள்.